தானாக இறங்கிய விமானம்

அத்தியாயம் 8

"பேர மட்டும் உறுதியாச் சொல்லுங்க. மீதிய நான் பாத்துக்கறேன்."

காலையிலிருந்து சௌந்திரம் இதைச் சொல்வது மூன்றாவது முறை. சேலம் ஐந்து ரோட்டில் துப்பறிவாளர் தெய்வநாயகியின் அலுவலகப் படியேறும்போது ஒருமுறை, காரில் உட்கார்ந்ததும் ஒருமுறை, இப்போது ஆட்டையாம்பட்டியைத் தாண்டும்போது ஒருமுறை. இளம்பிள்ளைத் தறிப் பட்டறையில் ஒரு நாளைக்கு இருநூறு சேலை மடித்து அடுக்குகிற கை அவளுடையது. பத்தொன்பது நாளாக அந்தக் கை எதையும் மடிக்கவில்லை. ஆனைமலை வரைக்கும் போய் தம்பியைக் கொன்றவன் அழியவேண்டும் என்று மாசாணியம்மன் கல்லில் மிளகாய் அரைத்துப் பூசிவிட்டு வந்ததோடு சரி.

"பேருதான் தெரியுமுங்களே அக்கா, கேப்டன் ஜெயபிரகாஷ்" என்றான் காரை ஓட்டிய கௌசிக், வாயில் கைமுறுக்கோடு. "அதச் சொல்றதுக்கு ஆட்டையாம்பட்டி முறுக்குக்காரரே போதும். அந்தாளு செஞ்சான்னு காட்டறதுக்குத்தான் எங்க மேடம் வேணும்."

கௌசிக் எட்டு வருஷம் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் இந்தியா முழுக்க போர்வெல் போட்டவன். இரண்டு வருஷமாகத் தெய்வநாயகிக்கு உதவியாளன். நாக்கை மட்டும் ரிக் வண்டியிலிருந்து இன்னும் இறக்கி வைக்கவில்லை.

சௌந்திரம் சிரிக்கவில்லை. அவள் தம்பி செந்தமிழன், இருபத்தாறு வயது, மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் வற்றிய அறுபதடிக் கிணற்றுக்குள் கிடந்தான். போலீஸ் தற்கொலை என்று எழுதி மூடிவிட்டது. ஊர் ஒருபடி மேலே போய்க் காதல் தோல்வி என்று காரணத்தையும் கண்டுபிடித்துக் கொடுத்தது. செத்தவன் எழுந்து வந்து மறுக்கமாட்டான் என்று தெரிந்துவிட்டால் ஊருக்குத்தான் எத்தனை கதை வருகிறது.

கிணற்றுக்கு ஐந்து நிமிட நடையில் நிற்கிறது 'நீலவானம் விமானப் பயிற்சி மையம்'. பழைய கோழிப் பண்ணைக் கொட்டகையை வெள்ளையடித்து எழுப்பியது. அங்கே நிஜ விமானம் ஒன்றுகூட இல்லை. ஆனால் பெரிய பயணிகள் விமானம் ஒன்றின் ஓட்டும் அறையை, பொத்தான் பொத்தானாக, அப்படியே ஒரு அறைக்குள் கட்டி வைத்திருந்தார்கள். கட்டியவன் செந்தமிழன். பேர் வாங்கிக்கொண்டவர் கேப்டன்.

"அந்தாளு பைலட்டே இல்லக்கா, பெத்தவங்க கூட்டத்துல சொல்லிரப் போறேன்" என்று அவன் சொன்னது சாவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. சௌந்திரம் அதை இன்ஸ்பெக்டர் அன்புச்செல்வியிடம் சொன்னாள். இன்ஸ்பெக்டர் பயிற்சி மையத்துக்குப் போய், கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்கிய லைசென்ஸைப் பார்த்துவிட்டு, ஒரு காபியும் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

அதைவிடப் பெரிய கல் ஒன்று குறுக்கே கிடந்தது. செந்தமிழன் செத்த நேரத்தில் கேப்டன் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தார். அங்கே படிக்கும் பிள்ளைகளின் குடும்பங்கள், மொத்தம் முப்பது, அதற்குச் சாட்சி.

"அந்த முப்பது குடும்பத்துக்கும் போன் போட்டாச்சுங்க மேடம்" என்றான் கௌசிக். "எல்லாரும் ஒரே பல்லவிதான். பெத்தவங்க எல்லாம் ஹால்ல உக்காந்திருக்காங்க. கேப்டன் மாலையும் கழுத்துமா அந்த அறைக்குள்ள போறாரு. நான் சென்னையில எறக்கிக் காட்டறேன், ஓட்டும்போது ஆரும் உள்ள வரக்கூடாதுன்னு கதவச் சாத்திக்கறாரு. ஹால் டிவியில படம் மட்டும் ஓடுது, சத்தம் கெடையாது. வானம், மேகம், ரன்வே. நாலு இருபத்தொண்ணுக்குப் பிளேன் எறங்குது. எல்லாருங் கை தட்டறாங்க. கொஞ்ச நேரம் பொறுத்து கேப்டன் வேர்த்து ஊத்திக்கிட்டு வெளிய வாராரு."

"அந்த அறைக்குப் பின்பக்கக் கதவு உண்டா?"

"உண்டுங்க. கோழிக் கொட்டாய்ப் பக்கம் தொறக்குது. ஆனா ஓட்டறவன் எந்திரிச்சுப் போனா பிளேன் உழுந்திருமே மேடம். அதானே அவங்க சொல்றது."

தெய்வநாயகி முன்சீட்டிலிருந்து திரும்பினாள். ஐம்பது வயது. இருபது வருஷம் சென்னை விமான நிலையத்தில் விமானங்களின் தானியங்கிப் பெட்டிகளைப் பிரித்துச் சரி பார்த்த கை. விமானத்தைப் பற்றிப் பேசினால் மட்டும் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வரும்.

"விழாது கௌசிக். மூணு சமாச்சாரம் இருக்கு. ஒண்ணு ஆட்டோபைலட். உன் லாரியில ஸ்டீரிங் மாதிரி. எந்தப் பக்கம் போகணும், எவ்வளவு உயரத்துல போகணும்னு சொல்லிட்டாப் போதும், அதுவே பிடிச்சுக்கும். ரெண்டாவது ஆட்டோத்ரஸ்ட். அது உன் ஆக்ஸிலேட்டர். வேகத்தைச் சொல்லிட்டா இன்ஜினைத் தானே கூட்டிக் குறைச்சு அதே வேகத்துல வச்சுக்கும். இந்த வகைப் பிளேன்ல ஒரு விசேஷம், இன்ஜின் கூடினாலும் குறைஞ்சாலும் நடுவுல இருக்கற கைப்பிடி ரெண்டும் அசையாது. ஒரே பள்ளத்துல சும்மா உக்காந்திருக்கும்."

"எங்க பழைய ரிக் வண்டி முதலாளி மாதிரி" என்றான் கௌசிக்.

"மூணாவது, தானாத் தரை இறங்கறது. ரன்வே பக்கத்துல இருந்து ரெண்டு ரேடியோ அலை வரும். ஒண்ணு இடம் வலம் காட்டும். இன்னொண்ணு எந்தச் சரிவுல இறங்கணும்னு காட்டும். அந்த ரெண்டையும் பிடிச்சுக்கிட்டு ஆட்டோபைலட் இறங்கி வரும். அதுக்கு மட்டும் ரெண்டு ஆட்டோபைலட்டும் சேர்ந்து வேலை செய்யும், ஒண்ணு படுத்துட்டா இன்னொண்ணு பார்த்துக்கும். வயித்துக்கடியில ஒரு கருவி தரைக்கு எத்தனை அடின்னு அளந்துக்கிட்டே இருக்கும். ஐம்பது அடி வந்ததும் மூக்கைக் கொஞ்சம் தூக்கி, இன்ஜினை அடக்கி, ரன்வே நடுக்கோட்டுல உக்கார வச்சிரும். கண்ணே தெரியாத மூடுபனியில அப்படித்தான் இறக்கறாங்க."

சௌந்திரத்துக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதி போதுமானதாக இருந்தது. "அப்ப அந்தாளு எந்திரிச்சுப் போயிருக்கலாம்."

"போயிருக்கலாம். போனார்னு காட்டணுமே. கௌசிக், அந்த முப்பது பேர்ல யாராவது ஏதாவது கோணலாச் சொன்னாங்களா?"

"கோணல்னா மூணுங்க. ஒரு பொம்பள, பிளேன் அன்னைக்கு மாட்டு வண்டியாட்டம் ஊர்ந்துச்சு, நாலு மொழம் பூ கட்டி முடிச்சிட்டேன்னுச்சு. நாமக்கல்லு லாரிக்காரர் ஒருத்தர், பிளேன் எறங்கி நிக்கவே இல்ல, நேராப் போயிப் புல்லுல ஏறுச்சு, ஷெட்டுக்குப் போவுதாட்டம் இருக்குதுன்னு கை தட்டிட்டோம்னாரு. மூணாவது, கொஞ்ச நேரத்துல டிவி அணைஞ்சு போச்சாமா. கரண்டு போச்சுன்னு நெனச்சாங்களாம். ஆனா மேல ஃபேன் சுத்திக்கிட்டுத்தான் இருந்துச்சாம். நம்மூர் கரண்டு போனா எல்லாத்தையும் சமமாத்தானுங்களே இழுத்துக்கிட்டுப் போகும்."

தெய்வநாயகி விரல்களால் கார்க் கதவில் மெதுவாகத் தட்டிக்கொண்டே வந்தாள். ஞாயிற்றுக்கிழமை கேப்டன் ஷார்ஜாவுக்கு விமானம் ஏறுகிறார். இன்று வெள்ளி.

* * *

பயிற்சி மையத்தின் பின்சுவரை ஒட்டியது அடுத்தவருடைய கோழிக் கொட்டகை. உள்ளே மூவாயிரம் கோழியும் சென்னியம்மாளும் இருந்தார்கள். ஐம்பத்தைந்து வயது, தலையில் துண்டு. முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்குகிற வேலை. இவர்கள் வந்து நின்ற பிறகும் கை நிற்கவில்லை.

"பெரியம்மா, நான் செந்தமிழனோட அக்கா" என்றாள் சௌந்திரம்.

சென்னியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியது. "சாமி, அந்தப் பையன் எம்மேல கோவமா ஒரு வார்த்த பேசுனதில்ல. அன்னைக்கும் இந்த வழியாத்தான் போனான். போலீசுகிட்டச் சொன்னனே."

"என்ன சொன்னீங்க?"

"நாலு மணி இருக்கும். அந்தப் பின்கதவத் தொறந்துக்கிட்டு வேகுவேகுன்னு போனான். எங்கீடா கண்ணு இப்பிடி ஓடறேன்னேன். பத்து நிமிசத்துல வாரேன் பெரியம்மா, அது எறங்கறதுக்குள்ள நான் வந்தாகோணும்னு சொல்லிட்டுக் கெணத்துப் பக்கம் போனான். அப்பறம் நான் கொட்டாய்க்குள்ள போயிட்டேன், பொறவு ஆரு போனா, ஆரு வந்தான்னு பாக்கல. தனியாத்தான் போனான்னு எழுதிக்கிட்டாங்க. வந்தாகோணும்னு சொன்னத எழுதல."

சாகப் போகிறவன் திரும்பி வர நேரம் குறித்துக்கொண்டா போவான். இந்த ஒரு வாக்கியத்தை எழுதிக்கொள்ள அந்தப் போலீஸ்காரர் பேனாவில் மை இல்லாமல் போனதே என்று சௌந்திரம் பல்லைக் கடித்தாள்.

"பெரியம்மா" என்றாள் தெய்வநாயகி, "உள்ள இருக்கற இயந்திரம் பேசறது இங்க கேக்குமா?"

"கேக்காம என்னங்க, ஒரு செவுருதான நடுவுல. வெள்ளக்காரன் கொரலு. இங்கிலீசுல அம்பது நாப்பதுன்னு பெருசுல இருந்து சின்னதுக்கு எண்ணிக்கிட்டு வருவான். கடைசீல ஒரே வார்த்தைய ரெண்டு தடவ சொல்லிட்டு வாய மூடிக்குவான். மூணு வருசமாக் கேக்கறனுங்க, எனக்கே மனப்பாடம்."

"என்ன வார்த்தை?"

"ரிட்டாடு, ரிட்டாடு."

"அன்னைக்கும் சொல்லுச்சா?"

"அன்னைக்கு வாய மூடவே இல்லீங்களே. ரிட்டாடு ரிட்டாடுன்னு ஒரே கத்து. கோழி எல்லாம் மெரண்டுச்சு. நான் செவுத்தத் தட்டிக்கூடப் பாத்தேன்."

தெய்வநாயகி ஒரு அடி முன்னால் வந்தாள். "எவ்வளவு நேரம் கத்துச்சு?"

"கடியாரம் ஏதுங்க எனக்கு? நாலு அட்ட முட்ட அடுக்கற நேரம்."

"இப்ப ஒரு அட்டை அடுக்கிக் காட்டுங்க."

சென்னியம்மாள் அடுக்கினாள். முப்பது முட்டை. தெய்வநாயகி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஐம்பது வினாடி.

"நாலு அட்டைன்னா மூணு நிமிஷத்துக்கு மேல. கடைசியில எப்படி நின்னுச்சு?"

"பொட்டுனு. பாதி வார்த்தையில."

தெய்வநாயகி ஒரு காலி முட்டை அட்டையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். அட்டை நசுங்கியது. அதை அவள் கவனிக்கவில்லை.

"சௌந்திரம், கேளுங்க. தானாத் தரை இறங்கறதுன்னு சொன்னேன்ல, அது முழுசாத் தானா இல்ல. சக்கரத்தையும் இறக்கைத் தகட்டையும் ஆட்டோபைலட் இறக்காது, ஆள்தான் இறக்கணும். அன்னைக்கு யாரோ ஒருத்தர் நூறு கிலோமீட்டருக்கு முன்னாலேயே எல்லாத்தையும் இறக்கி விட்டிருக்காங்க. அதான் மாட்டு வண்டி மாதிரி ஊர்ந்திருக்கு. அந்த வேகத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல ஓடும். அந்த நேரம் நாற்காலியில ஆள் தேவையில்லை."

"சரிங்க."

"ஆனா தரை தொடும்போது ஒரே ஒரு வேலை பாக்கி. இன்ஜினை அதுவே அடக்கிரும். நடுவுல அசையாம உக்காந்திருக்கே அந்தக் கைப்பிடி ரெண்டும், அதை இயந்திரத்தால நகர்த்த முடியாது. மனுஷன்தான் பின்னால இழுக்கணும். இழுத்தாத்தான் இறக்கை மேல தகடு எழும்பும், பிரேக் பிடிக்கும். இழுக்கலேன்னா புல்லுல போய் ஏறும். அதுக்குத்தான் அது கத்தறது. ரிடார்ட்னா கைப்பிடியைப் பின்னால இழுன்னு அர்த்தம். தினமும் ரெண்டு தடவையில நின்னதுக்குக் காரணம், உக்காந்திருந்த ஆள் உடனே இழுத்தான். அன்னைக்கு மூணு நிமிஷம் கத்தியும் இழுக்க ஆளில்லை."

"அப்ப கேப்டன் அந்த நாற்காலியில இல்ல" என்றான் கௌசிக்.

"கேப்டன் எப்பவுமே அந்த நாற்காலியில இல்ல கௌசிக். அங்கதான் நாம எல்லாரும் தப்புப் பண்ணிட்டோம். அது எறங்கறதுக்குள்ள நான் வந்தாகணும்னு சொன்னது யாரு? சக்கரத்தை முன்னாலேயே இறக்கி, எல்லாத்தையும் சரியாச் செட் பண்ணி வச்சது யாரு? கைப்பிடியை இழுக்கத் திரும்பி வந்தாகணும்னு தெரிஞ்சவன் யாரு?"

"என்ற தம்பி" என்றாள் சௌந்திரம்.

"ஆமா. மூணு வருஷமா ஒவ்வொரு தடவையும் ஓட்டினது உங்க தம்பி. கேப்டன் கதவைச் சாத்திட்டுப் பக்கத்துல நின்னுட்டு, கடைசியில வெளிய வந்து கைதட்டு வாங்கிக்குவார். அந்தக் காலி நாற்காலி உங்க தம்பியோடது."

கோழிகள் கொக்கரித்துக்கொண்டிருந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் அந்தக் குரல் யாரைக் கூப்பிட்டிருக்கிறது என்று சௌந்திரத்துக்கு இப்போது தெரிந்தது. மூன்று நிமிஷம், நாலு அட்டை முட்டை அடுக்குகிற நேரம், அது அவள் தம்பியைத்தான் கூப்பிட்டிருக்கிறது. அவன் அப்போது கிணற்றுக்குள் கிடந்திருக்கிறான். அவளுக்கு அழுகை வரவில்லை. அந்தக் கேப்டனின் கழுத்து எவ்வளவு கனம் இருக்கும் என்றுதான் தோன்றியது.

"கடைசீல டிவி அணைஞ்சுச்சே" என்றான் கௌசிக். "அது யாரு?"

"கேப்டன்தான். செந்தமிழனை ஏதோ சாக்குச் சொல்லிக் கிணத்து மேட்டுக்கு வரவழைச்சுத் தள்ளிவிட்டுத் திரும்பி வந்திருக்கார். வந்து பார்த்தா இயந்திரம் கத்துது. எப்படி நிறுத்தறதுன்னு தெரியல. ரெண்டு கைப்பிடியைப் பின்னால இழுத்தா நின்னிருக்கும். அது தெரியாம அந்த அறையோட மெயின் சுவிட்சையே அணைச்சிட்டார். டிவி போச்சு, ஃபேன் போகல."

கௌசிக் முட்டை ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "நல்லா மாட்டுனாருங்க. நாந்தான் ஓட்டினேன்னு சொன்னா, மூணு நிமிசம் கத்த விட்டதுக்கு அந்தாளு கேப்டன் இல்ல. நான் நெஜக் கேப்டன்தான்னு சொன்னா, அந்தாளு அறையிலயே இல்ல. எந்தப் பக்கம் தொட்டாலும் சுடும்."

"வாங்க, இப்பவே போலாம்" என்றாள் சௌந்திரம். அவள் ஏற்கெனவே வாசலில் நின்றாள். "எனக்கு அந்தக் கெணத்து மேட்டுக்கு வழி தெரியும். அந்தாளையும் கூட்டிக்கிட்டுப் போறேன்."

தெய்வநாயகி அவள் கையைப் பிடித்தாள். "தள்ளிவிட்டா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிரும். அப்புறம் ஊர் என்ன சொல்லும்? தம்பி தற்கொலை, அக்கா கொலைகாரின்னு சொல்லும். உங்க தம்பி பேரு அப்படியே கிணத்துலதான் கிடக்கும். ஒரே ஒரு நாள் கொடுங்க."

சௌந்திரம் தலையை மட்டும் அசைத்தாள். தெய்வநாயகி கௌசிக்கை ஓரமாக அழைத்துப் போய்க் காதில் ஏதோ சொன்னாள். அவன் முகத்தில் பரவிய சிரிப்பு நல்லவர்கள் சிரிக்கிற சிரிப்பாக இல்லை.

* * *

சனிக்கிழமை மாலை நாலு மணி.

கேப்டன் ஜெயபிரகாஷ் தோளில் நாலு பட்டை வைத்த வெள்ளைச் சட்டையில் வரவேற்றார். நாற்பத்தைந்து வயது, மீசையில் சாயம், குரலில் தேன். ஓட்டும் அறையின் மூலையில் செந்தமிழனின் படத்துக்கு மாலை போட்டு ஊதுபத்தி ஏற்றி வைத்திருந்தார். கொன்றவனே போட்ட மாலை அது என்று சௌந்திரத்துக்குத் தெரியும். இருந்தும் கும்பிட்டாள்.

"உங்க துக்கம் எனக்குத் தெரியாதுங்களா அம்மிணி" என்றார் கேப்டன். "என்ற கூடப் பொறந்தவனாட்டம் வச்சிருந்தேன்."

"இவங்க மனசு ஆறணும், அவ்வளவுதான் கேப்டன்" என்றாள் தெய்வநாயகி பணிவாக. "அன்னைக்கு நீங்க இறக்கினது எப்படின்னு ஒரு தடவை காட்டிட்டீங்கன்னா நாங்க கிளம்பிருவோம். உங்களுக்குச் சிரமம் வேண்டாம். எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு, எல்லாத்தையும் நானே பின்னால இருந்து செட் பண்ணிடறேன். நீங்க நாற்காலியில உக்காந்தாப் போதும்."

உட்கார்ந்தால் போதும் என்றதும் கேப்டனின் நெற்றிச் சுருக்கம் அவிழ்ந்தது. "ஒண்ணுமே இல்லீங்க, எல்லாம் ஆட்டோமேட்டிக்" என்று சிரித்துக்கொண்டே இடது நாற்காலியில் அமர்ந்தார். கௌசிக் தன் செல்போனைச் செந்தமிழன் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே போனான். போகும்போது கதவைச் சாத்திக்கொண்டு போனான்; சௌந்திரம் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டாள்.

தெய்வநாயகி பின்னால் இருந்த மேசையில் நாலைந்து பொத்தானை அழுத்தினாள். கண்ணாடிக்கு வெளியே வானம் வந்தது. சென்னை வந்தது. தூரத்தில் ரன்வே ஒரு சாம்பல் கோடாகத் தெரிந்தது. சக்கரம் இறங்கியிருந்தது. இரண்டு ஆட்டோபைலட் விளக்கும் பச்சையாக எரிந்தன. கேப்டன் கைகளை மடியில் கோத்துக்கொண்டு, மேடையில் உட்கார்ந்த பிரமுகர் மாதிரி இருந்தார். ஐந்து நிமிஷம் யாரும் பேசவில்லை.

அந்தக் குரல் எண்ண ஆரம்பித்தது. ஐம்பது. நாற்பது. முப்பது. விமானத்தின் மூக்கு தானாக மெல்ல உயர்ந்தது. இருபது. பத்து.

ரிடார்ட். ரிடார்ட்.

சக்கரம் தரையைத் தொட்டது. கேப்டன் சிரிப்போடு திரும்பி, "பாத்தீங்களா" என்றார்.

ரிடார்ட். ரிடார்ட். ரிடார்ட்.

சிரிப்பு பாதியில் நின்றது. கேப்டன் கைகளைப் பிரித்தார். முன்னாலிருந்த ஒரு பொத்தானை அழுத்தினார். பிறகு பக்கத்திலிருந்ததை. பிறகு மேலே இருந்ததை. குரல் நிற்கவில்லை. ரன்வே ஓடிக்கொண்டே இருந்தது. அவர் கழுத்தில் வேர்வை இறங்கியது. திடீரென்று எழுந்து சுவரிலிருந்த சிவப்பு மெயின் சுவிட்சுக்குத் தாவினார்.

தெய்வநாயகி அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். "அன்னைக்கும் இதைத்தானே அணைச்சீங்க, கேப்டன்?"

"அது... மெசின் ரிப்பேருங்க. நகருங்க."

அவள் நகரவில்லை. கையை நீட்டி நடுவிலிருந்த இரண்டு கைப்பிடியையும் பின்னால் இழுத்தாள். குரல் நின்றது. இறக்கை மேல் தகடு எழும்பி, பிரேக் பிடித்து, விமானம் ரன்வே நடுவில் அடக்கமாக நின்றது.

கேப்டன் அந்தக் கைப்பிடிகளையே பார்த்தார். ஏமாற்றப்பட்டவனின் ஆத்திரம் அவர் முகத்தில் ஏறியது. இருபது நாளாகத் தூக்கத்தைக் கெடுத்த அந்தச் சத்தம் ஒரு சாண் இழுப்பில் அடங்கிப்போனதை அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

"இவ்வளவுதானா?" என்றார். "இத அவன் சொல்லவே இல்லியே. தானா எறங்கிக்குமாடான்னு கெணத்து மேட்டுல வச்சுக்கூடக் கேட்டனே. எறங்கிக்கும், எறங்கிக்கும்னுதான சொன்னான்."

அறையில் ஊதுபத்தி மட்டும் புகைந்துகொண்டிருந்தது. என்ன சொல்லிவிட்டோம் என்பது கேப்டனுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

சௌந்திரம் அவர் எதிரில் போய் நின்றாள். அவளே எதிர்பார்க்காத அளவுக்கு அவள் குரல் அமைதியாக இருந்தது. "தானா எறங்குமான்னு கேட்டீங்க, எறங்கும்னான். எறங்குனதுக்கு அப்பறம் என்ன பண்ணோணும்னு நீங்க கேக்கல. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பான். ஆரு கேட்டாலும் சொல்லிக் குடுப்பான் என்ற தம்பி."

"நான் அப்பிடிச் சொல்லல. நீங்க ரெண்டு பொம்பளைங்க சேந்து என்ன வேணா சொல்லிக்கலாம். எனக்கு முப்பது குடும்பம் சாட்சி இருக்குது."

சுவருக்கு அந்தப் பக்கம், ஹால் ஸ்பீக்கரில் கௌசிக்கின் குரல் முழங்கியது. "ஆமாங்க கேப்டன், முப்பது குடும்பமும் சத்தமில்லாம வந்து இங்கதான் உக்காந்திருக்குதுங்க. டிவி தெளிவாத் தெரியுது. என்ற போன் வழியா சவுண்டும் நல்லாக் கேக்குது. கெணத்து மேட்டுல வச்சு என்ன கேட்டீங்கங்கறத மட்டும் இன்னொருக்காச் சொல்லுங்க, பின்னால இருக்கற பெருசு ஒருத்தருக்குக் காது மந்தம்."

நாற்காலிகள் தரையில் தேயும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, பிறகு எல்லாம் சேர்ந்து. அவருக்காகக் கை தட்டிய அதே கைகள் இப்போது கதவைத் தட்டின. கேப்டன் பின்கதவைத் திறந்தார். சென்னியம்மாளும் கொட்டகைப் பெண்கள் ஏழெட்டுப் பேரும் அங்கே வழியடைத்து நின்றார்கள். அவர் கதவை மறுபடி சாத்தினார்.

முன்கதவுக்கு வெளியே இன்ஸ்பெக்டர் அன்புச்செல்வியின் குரல், "எல்லாரும் தள்ளி நில்லுங்க, நான் முதல்ல போறேன்" என்றது. இருபது நாள் தாமதமாக வந்தாலும் குரலில் அதிகாரத்துக்குக் குறைவில்லை.

கேப்டனின் நாலு பட்டைச் சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. கதவுக்கு மிக அருகில் நின்றவள் சௌந்திரம்தான். அவர் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அக்கா, தாப்பாளத் தொறக்காதீங்க. அவங்க என்னக் கொன்னு போடுவாங்க."

ஒரு நாளுக்கு முன்னால் அவள் வேண்டிக்கொண்டது அதைத்தான். இப்போது அவர் கும்பிட்டுக்கொண்டு நடுங்குவதைப் பார்க்கையில், சாவு என்பது இந்த ஆளுக்கு எவ்வளவு சுலபமான வழி என்று அவளுக்குத் தோன்றியது.

"பயப்படாதீங்க. ஆரும் உங்களக் கொல்ல நான் உடமாட்டேன்" என்றாள் சௌந்திரம். "நீங்க இன்னும் முப்பது வருசம், நாப்பது வருசம் உசுரோட இருக்கோணும். தெனமும் சாயங்காலம் நாலு மணி, அந்தச் சத்தத்தோட, உங்களுக்கு வந்துக்கிட்டே இருக்கோணும்."

தாழ்ப்பாளைத் திறந்துவிட்டு அவள் ஓரமாக நகர்ந்து நின்றாள்.